ஐஇபி மீட்டிங்கில் "பட்ஜெட்" என்கிறார்கள்: பையனின் ஸ்பீச் தெரபிக்கு உண்மையில் யார் காசு கொடுக்கிறார்கள்?

தாமிரபரணிப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மூன்று வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல் ஜெர்சியில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு எச்1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்4. பையனுக்கு ஆறரை வயது, ஃபர்ஸ்ட் கிரேட். மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள், அப்போதிருந்து டவுன் பள்ளியில்தான் ஐஇபியோடு (அவனுக்கென்று பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) படிக்கிறான். வாரம் மூன்று நாள் தனியாக ஸ்பீச், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போன வருடம் வரை தாகமெடுத்தால் என் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவான், இப்போது "அம்மா, ஜூஸ், ஆப்பிள்" என்று மூன்று துண்டாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். ஊரில் மாமியார் "எங்க வம்சத்துல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க" என்று போனில் சொல்வதை நிறுத்தியதே அந்த ஜூஸுக்குப் பிறகுதான்.

போன வியாழக்கிழமை வருடாந்தர மீட்டிங். எல்லாம் சிரித்துப் பேசித்தான் போனது. சர்வீஸ் பக்கத்துக்கு வந்தால் "வாரம் 1 முறை, குரூப்" என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். கேஸ் மேனேஜர் முதலில் "நன்றாக முன்னேறிவிட்டானே" என்றார். திரும்பவும் கேட்டதற்கு, "ஆள் கிடைப்பதில்லை, பட்ஜெட் நிலைமை உங்களுக்கே தெரியும், எல்லா ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலும் இதே கதைதான்" என்று இழுத்தார். எனக்கு வாயடைத்துவிட்டது. வந்ததற்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு பேப்பரை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

இந்தப் பணம் எங்கேயிருந்து வருகிறது? டவுனா, ஸ்டேட்டா, வாஷிங்டனா? நிஜமாகவே காசு இல்லையென்றால் நான் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? போன மாதம் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் நம்ம ஊர்க்காரர் ஒருவரே, "இந்த மாதிரி பிள்ளைங்களுக்காகத்தான் இந்த டவுன்ல டாக்ஸ் ஏறிக்கிட்டே போகுது" என்றார், என் பையன் பக்கத்தில்தான் பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அன்றிலிருந்து ஏதோ கடன் வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு, பள்ளி மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பில் போடச் சம்மதம் கேட்டு ஒரு ஃபார்ம் பையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், மெடிகெய்ட் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே வீட்டுக்காரர் "தொடாதே" என்கிறார்.


மூத்தவன்அம்மா எழுதியது:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் காலண்டரை எடுங்கள். நியூஜெர்சியில் ஐஇபியில் மாற்றம் செய்யப்போவதாக எழுத்தில் கொடுத்த நாளிலிருந்து 15 நாள்தான். அதற்குள் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று மீடியேஷனுக்கோ (சமரசப் பேச்சு) டியூ பிராசஸுக்கோ (முறையான விசாரணை) விண்ணப்பிக்காவிட்டால் உங்கள் கையெழுத்து இல்லாமலே புது ஐஇபி அமலுக்கு வந்துவிடும். 15 நாள் என்பது சனி ஞாயிறும் சேர்த்துத்தான். "நான்தான் கையெழுத்துப் போடலையே" என்று நிம்மதியாக இருந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருத்தி. பெரியவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்படித்தான் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) போனது, திரும்ப வாங்க எட்டு மாதம் ஆனது.

15 நாளுக்குள் மீடியேஷன் கேட்டுவிட்டால், அது முடிகிறவரை பழைய ஐஇபிதான் ஓடும், மூன்று ஸ்பீச்சும் அப்படியே இருக்கும். ஸ்டேட் கல்வித்துறை நடத்தும் மீடியேஷனுக்கு ஒரு பைசா கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இன்றைக்கே கேஸ் மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள். சண்டைத் தொனியே வேண்டாம். ஸ்பீச்சைக் குறைப்பதற்கான காரணத்தையும், எந்த மதிப்பீட்டை வைத்து முடிவு செய்தார்கள் என்பதையும், வேறு என்ன யோசித்தார்கள், அதை ஏன் விட்டார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி இதையெல்லாம் எழுதித்தான் தர வேண்டும். எழுதச் சொன்னதும் "பட்ஜெட்" என்ற வார்த்தை காணாமல் போய்விடும், பாருங்கள். வாயால் எல்லோரும் சொல்வார்கள், பேப்பரில் ஒருவரும் போட மாட்டார்கள், போட்டால் தோற்பார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

கூடவே இந்த வருட ஸ்பீச் செஷன் குறிப்புகள் எல்லாவற்றின் நகலும் கேளுங்கள். மாணவர் ரெக்கார்டைப் பார்க்கக் கேட்டால் 10 நாளுக்குள் காட்ட வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஸ்பேன் என்ற பெற்றோர் மையத்துக்கு போன் பண்ணுங்கள், நெவார்க்கில் இருக்கிறது, காசு வாங்குவதில்லை. அந்த மாதிரி மையங்களுக்கும் ஸ்பெஷல் எஜுகேஷன் சட்டத்தின் கீழ்தான் வாஷிங்டன் பணம் கொடுக்கிறது, அவர்கள் நேரத்துக்குச் சம்பளம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் இதே ஸ்டேட்டில் ஒரு டிஸ்ட்ரிக்டின் பிசினஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், உங்கள் டவுன் இல்லை. பணம் வரும் வழியைச் சொல்கிறேன், சிஸ்டர், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

1975க்கு முன்னால் ஊனமுள்ள குழந்தையை "உன்னைச் சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்ப பல ஸ்டேட்டில் சட்டமே இடம் கொடுத்தது. அந்த வருடம் நவம்பரில் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான் இன்று ஐடியா (IDEA) என்ற பெயரில் ஓடுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையான கல்வியை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அது பள்ளிகளுக்கு உத்தரவு போட்டது. அதற்கு ஈடாக காங்கிரஸ் தன் பங்காகச் சொன்ன கணக்கு 40 சதவீதம். இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், ஸ்பெஷல் எஜுகேஷன் செலவில் 40 இல்லை, நாடு முழுக்க ஒரு மாணவனுக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40. கூடுதல் செலவுக்கு அது கைகொடுக்கும் என்பது எண்ணம். 1982க்குள் அந்த அளவுக்கு ஏற்றிவிடுவதாகத் திட்டம். இன்றுவரை ஒரு வருடம்கூட எட்டவில்லை. சமீப வருடங்களில் 15 சதவீதமே வருவதில்லை. 2024 நிதியாண்டுக்கு ஸ்டேட்களுக்கான முக்கிய மானியம் சுமார் 1,420 கோடி டாலர், கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஸ்பெஷல் எஜுகேஷனில் 3 வயதிலிருந்து 21 வயது வரை சுமார் 75 லட்சம் பிள்ளைகள், பொதுப் பள்ளி மாணவர்களில் 15 சதவீதம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2,000 டாலர்கூடத் தேறாது. உங்கள் பையனுக்கு வாரம் மூன்று ஸ்பீச், ஏஜென்சியிலிருந்து ஆள் வைத்தால் கிறிஸ்துமஸுக்குள் அது கரைந்துவிடும்.

அப்புறம் ஸ்டேட். இங்கே 2008 பள்ளி நிதிச் சட்டம் பல வருடமாக ஒரு வேடிக்கை செய்தது. உங்கள் டவுனில் எத்தனை பிள்ளைகளுக்கு ஐஇபி என்று அது எண்ணவில்லை. ஸ்டேட் முழுதுக்கும் ஒரு சராசரி விகிதத்தை எடுத்து, மொத்த மாணவர் எண்ணிக்கையோடு பெருக்கி, அதற்குத்தான் பணம். பணத்துக்காகப் பிள்ளைகளுக்கு லேபிள் ஒட்டிவிடக் கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். நல்ல ஸ்பெஷல் எஜுகேஷன் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பங்கள் தேடி வருகிற டவுனுக்கு அது நேராக நஷ்டம். வேலையை ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனை.

ரொம்பச் செலவாகும் பிள்ளைகளுக்கு எக்ஸ்ட்ராடினரி எய்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பொதுப் பள்ளியில் ஒரு மாணவனுக்கு 40,000 டாலருக்கு மேலும், தனியார் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் ஃபீஸ் 55,000க்கு மேலும் போனால், மேலே போன தொகையில் பெரும்பங்கைத் திருப்பித் தருவதாகச் சட்டம். ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியாக, வகுப்பு உதவியாளர் சம்பளம் இவ்வளவு, நர்ஸ் இவ்வளவு என்று நாங்கள் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். நாங்கள் செலவழித்து முடித்த பிறகுதான் பணம் வரும், கேட்டது முழுசாக வந்து நான் பார்த்ததில்லை.

மீதி எல்லாம் டவுன். அதாவது பிராப்பர்டி டாக்ஸ். அதையும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2010இல் ஒரு மூடி போட்டுவிட்டார்கள், சில விலக்குகள் தவிர. ஆக என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் பட்ஜெட் வருடம் தொடங்குகிறது, அக்டோபரில் ஒரு குடும்பம் வேறு ஸ்டேட்டிலிருந்து குடிவருகிறது, அந்தக் குழந்தைக்கு டவுனுக்குள் பொருத்தமான வகுப்பு இல்லை. வெளியே அனுப்பினால் ஃபீஸ் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு, தனி வேன், வேனில் ஒரு ஆள். அந்தக் காசை எந்த வரியிலிருந்து எடுப்பது என்று நானும் என் மேலதிகாரியும் மண்டையை உடைத்துக்கொள்வோம். எங்கிருந்தாவது எடுப்போம், எடுத்தே ஆக வேண்டும்.

இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தலைவலி எங்கள் ஆபீஸோடு நிற்க வேண்டும், ஐஇபி மேசைக்கு வரவே கூடாது. அயோவாவில் சீடர் ராபிட்ஸ் என்ற ஊரில் வென்டிலேட்டரோடு பள்ளிக்கு வந்த ஒரு மாணவனுக்கு நாள் முழுக்க நர்ஸ் வேண்டியிருந்தது. டிஸ்ட்ரிக்ட் செலவைக் காட்டி மறுத்தது. 1999இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2017இல் கொலராடோ வழக்கில், பேருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் காட்டினால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைமைக்குப் பொருத்தமான முன்னேற்றம் வரும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பு. ஒரே மாதிரி பலன் தரும் இரண்டு வழி இருந்தால் மலிவானதை டிஸ்ட்ரிக்ட் எடுக்கலாம், அதில் தப்பில்லை. பலன் தராததை மலிவு என்பதற்காக எடுக்க முடியாது.

இன்னொன்று. ஸ்பெஷல் எஜுகேஷனுக்குப் போன வருடம் செலவழித்ததைவிட டிஸ்ட்ரிக்ட் இந்த வருடம் குறைக்கக் கூடாது என்று ஐடியாவிலேயே ஒரு பூட்டு உண்டு. அதிகம் செலவான ஒரு பிள்ளை படிப்பை முடித்துப் போய்விட்டது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் குறைக்கலாம். ஆகவே மொத்தமாக வெட்டுவது எங்களுக்கு லேசில்லை. உங்கள் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட் என்று ஒன்று போட்டிருப்பார்கள், சட்டப்படி போட வேண்டும். அது சுருக்கம்தான். முழு ஆடிட் அறிக்கையும் அங்கேயே இருக்கும், அதில் 216 என்ற எண்ணைத் தேடுங்கள். ஸ்பீச், ஓ.டி., பி.டி. (பிசியோதெரபி) எல்லாம் அந்த வரியில்தான். ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒதுக்கிய பணம் மிச்சமிருந்தால் கதை காசில் இல்லை, ஆள் இல்லாததில் இருக்கிறது என்று அர்த்தம். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

மெடிகெய்ட் ஃபார்முக்கு வருகிறேன். 1988இலிருந்து ஐஇபியில் உள்ள தெரபிகளுக்கு, அந்தக் குழந்தை மெடிகெய்டில் இருந்தால், பள்ளி அங்கே பில் போடலாம். நம் ஸ்டேட்டில் இந்தத் திட்டத்தை செமி என்பார்கள். வருகிற பணத்திலும் ஒரு பங்கை ஸ்டேட் எடுத்துக்கொண்டுதான் எங்களுக்குத் தரும். பல டிஸ்ட்ரிக்டில் இந்த ஃபார்மை ஐஇபி இருக்கிற எல்லோர் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள், உங்கள் பையனுக்கு மெடிகெய்ட் இல்லையென்றால் பில் போடவே வழியில்லை. நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் சர்வீஸை நிறுத்தக் கூடாது, போட்ட பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கிரீன் கார்டு பயத்துக்கு ஒரு வார்த்தை: அரசு உதவியை நம்பி வாழ்வார் என்று தோன்றினால் கிரீன் கார்டு மறுக்கும் பப்ளிக் சார்ஜ் விதியை 2019இல் ரொம்ப இறுக்கினார்களே, அப்போதுகூட ஐடியா சட்டத்தின் கீழ் பள்ளியில் கிடைக்கும் சர்வீஸுக்காகப் போட்ட மெடிகெய்ட் பில்லைக் கணக்கில் எடுக்கவில்லை. மனசு கேட்கவில்லையென்றால் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீச்சுக்கும் உங்கள் விசாவுக்கும் சம்பந்தமில்லை.


வரிகட்டி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வருடம் 14,000 டாலர் பிராப்பர்டி டாக்ஸ். 2018இல் வந்த ஸ்டேட் சட்டத்தால் எங்கள் டவுனுக்கு ஸ்டேட் உதவி வருடா வருடம் இறங்கியது. நாலாம் வகுப்பு வயலின் போனது, லேட் பஸ் போனது, கிளாஸில் 28 பேர். என் பொண்ணுக்கு ஐஇபி கிடையாது, அவளுக்காகச் சட்டம் எதுவும் பூட்டுப் போடவில்லை. கணக்குப்பிள்ளை சொன்னபடியே பார்த்தாலும், ஒரு பக்கம் வெட்டவே முடியாது என்றால் வெட்டு விழுவது எங்கள் பக்கம்தானே? பிறந்தநாள் பார்ட்டியில் பேசியது அசிங்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள் சொன்ன கணக்கில் உண்மையே இல்லை என்று சொல்லாதீர்கள்.


மூத்தவன்அம்மா எழுதியது:

வெட்டு உங்கள் பக்கம் விழுகிறது என்பது சரிதான். அந்த வயலின் வகுப்பில் என் சின்னவளும் இருந்தாள், அவளுக்கும் ஐஇபி கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். ஆனால் கோபத்தை ஆறரை வயதுப் பையன் மேல் திருப்பாதீர்கள். 40 என்று சொல்லிவிட்டு 15கூடக் கொடுக்காதது வாஷிங்டன். உங்கள் 14,000ல் ஒரு பகுதி அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் போகிறது. தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் ஆபீஸுக்கு நான் வருடத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுகிறேன், நீங்களும் பண்ணுங்கள். அந்தப் பையனின் வீட்டுக்காரர்களும் வாடகையில் அதே டாக்ஸைத்தான் கட்டுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.


ஆஸ்டின்காரன் எழுதியது:

டெக்சாஸ் கதையைக் கேட்டால் ஜெர்சிக்காரர்கள் கோயிலில் தேங்காய் உடைப்பீர்கள். இங்கே 2004இலிருந்து ஸ்டேட் கல்வித்துறை டிஸ்ட்ரிக்டுகளைத் தணிக்கை செய்கிற அளவுகோலில் ஒரு எண்ணை வைத்தது: ஸ்பெஷல் எஜுகேஷனில் மாணவர்களில் 8.5 சதவீதம். அதற்கு மேல் போனால் மதிப்பெண் குறையும். அப்போது நாட்டுச் சராசரியே 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. உச்சவரம்பு என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் டிஸ்ட்ரிக்டுகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. "அடுத்த வருடம் பார்க்கலாம்", "ரெண்டு மொழி பேசுகிற வீடு, அதனால்தான் லேட்" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். இந்த இரண்டாவது வசனம் நம் ஆட்கள் நிறைய பேர் காதில் விழுந்திருக்கும், எனக்கும் விழுந்தது, நானும் நம்பி வீட்டில் ஒரு வருடம் தமிழ் பேசுவதையே நிறுத்திப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் அதை வெளியே கொண்டுவந்தது. 2017இல் சட்டமன்றம் அந்த மாதிரி வரம்பு வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது, 2018 ஜனவரியில் ஃபெடரல் கல்வித்துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. பிறகு மதிப்பீட்டுக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்க ஆள் இல்லாமல் டிஸ்ட்ரிக்டுகள் திணறின.

பணம் கொடுக்கிற விதமும் இங்கே வேறு. பிள்ளை எந்த மாதிரி வகுப்பில் எத்தனை மணி நேரம் உட்காருகிறது என்பதைப் பொறுத்து எடை போட்டு ஸ்டேட் பணம் தந்தது. என்ன சர்வீஸ் கிடைக்கிறது என்பதைவிட எந்த ரூமில் இருக்கிறது என்பதற்குத்தான் காசு. ஒரே ரூமில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு மூன்று மடங்கு உதவி தேவைப்பட்டாலும் ஒரே தொகைதான். 2025இல் நிறைவேறிய சட்டம் இதை மாற்றி, தேவையின் தீவிரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறது. எங்கள் ஊரில் ஐஇபி மீட்டிங்குக்கு ஏ.ஆர்.டி. என்று பேர், செமிக்கு இங்கே ஷார்ஸ் என்று பேர்.

ஜெர்சியில் உங்களுக்கு இன்னொரு பலம் இருக்கிறது, சிஸ்டர். வழக்கு என்று போனால் பொதுவாக யார் புகார் செய்கிறார்களோ அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2005இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எங்களுக்கு அதுதான் விதி. உங்கள் ஸ்டேட் அதற்குப் பிறகு தனிச் சட்டம் போட்டு, தங்கள் திட்டம் சரி என்று டிஸ்ட்ரிக்ட்தான் நிரூபிக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டது. உங்கள் கேஸ் மேனேஜருக்கு அது நன்றாகத் தெரியும்.


வரிகட்டி எழுதியது:

சரி, போன் பண்ணுகிறேன். வயலினையும் சேர்த்துக் கேட்பேன்.


தாமிரபரணிப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், இடையில் மூச்சு விட நேரமில்லை.

மூத்தவன் அம்மா சொன்ன மாதிரி அன்றைக்கு ராத்திரியே மெயில் போட்டேன். வீட்டுக்காரர் நாலு தடவை படித்துப் பார்த்து, மூன்று இடத்தில் "ப்ளீஸ்" சேர்த்தார். எழுத்தில் வந்த பதிலில் பட்ஜெட் என்ற வார்த்தையே இல்லை. "கம்யூனிகேஷன் இலக்குகளில் போதுமான முன்னேற்றம்" என்று மட்டும் இருந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த ரெக்கார்டிலேயே ஐந்து இலக்கில் இரண்டுதான் முடிந்திருக்கிறது. செஷன் குறிப்புகளை டைனிங் டேபிளில் தேதி வாரியாகப் பரப்பி வைத்து எண்ணினோம். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை 19 செஷன் நடக்கவே இல்லை. தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போயிருந்தாராம், மாற்று ஆள் போடவில்லை, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அத்தனை நாளும் நான் தினமும் "இன்னைக்கு ஸ்பீச் போனியா?" என்று கேட்டேன், அவனும் தினமும் "ஸ்பீச்" என்றான். கேட்டதைத் திரும்பச் சொல்வான் என்று தெரிந்தும் நம்பியிருக்கிறேன்.

216ஆம் வரியையும் ஆடிட் அறிக்கையில் தேடினேன், கணக்குப்பிள்ளை அண்ணா. போன வருடம் ஒதுக்கியதில் மிச்சம் இருந்தது. மீட்டிங்கில் அதை எடுத்துப் பேசத் தேவையே வரவில்லை.

பதினோராம் நாள் மீடியேஷன் கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன். அது நடப்பதற்கு முன்னாலேயே டிஸ்ட்ரிக்டிலிருந்து கூப்பிட்டு இன்னொரு மீட்டிங் வைத்தார்கள், இந்தத் தடவை சூப்பர்வைசரும் வந்திருந்தார். கடைசியில் வாரம் இரண்டு தனி, ஒன்று குரூப் என்று எழுதினார்கள். குரூப் அவனுக்குத் தேவைதான் என்று தெரபிஸ்டே விளக்கினார், மற்ற பிள்ளைகளிடம் முறை வரும்வரை காத்திருந்து கேட்பதற்கு அங்கேதான் பழகுவானாம், அது எனக்கும் சரியாகப் பட்டது. விட்டுப்போன 19 செஷனை ஜூலையில் ஏஜென்சி ஆளை வைத்து ஈடு செய்கிறார்கள். எல்லாம் எழுத்தில் வாங்கியாகிவிட்டது, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மெடிகெய்ட் ஃபார்ம் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. வக்கீல் பிரச்சினை இல்லை என்று சொல்லியும் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை, கட்டாயமில்லை என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.


கணக்குப்பிள்ளை எழுதியது:

ரொம்பச் சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி: ஜூலையில் அந்த செஷன்களுக்கு பஸ் உண்டு என்று எழுதியிருக்கிறார்களா? கோடை ரூட்டுகளை நாங்கள் சீக்கிரமே டெண்டர் விட்டுவிடுவோம், பேப்பரில் இல்லாத பிள்ளைக்கு சீட் இருக்காது.


தாமிரபரணிப்பொண்ணு எழுதியது:

ஐயோ, இல்லை. இப்போதே மெயில் போடுகிறேன்.